ஓடில் தவறவிட்ட கரடி

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் நார்பர்ட் தன் கோட்டைத் திறந்து, உள்ளே இருந்த கரடிக்குட்டியை எடுத்துச் சமையலறை மேசைமேல் வைத்தபோது, அடுப்பில் கரடிக் கறிதான் கொதித்துக்கொண்டிருந்தது.

போன செப்டம்பரில் அவன் மனைவி ஓடில் சுட்ட கரடி அது. ஒரே குண்டு. செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் ஓடில் என்றாலே ஒரே குண்டு என்றுதான் பேச்சு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று அவளே சொல்வாள். யாரும் ஆற்றைத் தாண்டிப் போய் விசாரித்ததில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவள் என்பதால் சமையலைக் குறை சொன்னால் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். குறியைக் குறை சொன்னால் அந்த மனிதனோடு அடுத்த ஈஸ்டர் வரை பேச்சு கிடையாது. நார்பர்ட் காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். உட்கார்ந்த இடத்தில் குறட்டை விடுவான். அதனால் அந்த வீட்டில் வேட்டை அவளுக்கு, கரடியை இழுக்கப் போடும் தீனி சுமக்கிற வேலை இவனுக்கு.

"என்னய்யா இது?" என்றாள் ஓடில். ப்லோய் என்கிற மாவு தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள்.

"பாத்தா தெரியல? கரடி."

"கரடின்னு தெரியுது. என் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்துல அது ஏன் இருக்குன்னு கேக்கறேன்."

நார்பர்ட் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தான். கழுவிக்கொண்டே சொன்னான். முந்தின நாள் விழுந்துகிடந்த ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துப் பக்கமாக இயந்திரத்தைத் திருப்பியிருக்கிறான். அடியிலிருந்து தாய்க்கரடி பாய்ந்து ஓடிவிட்டது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது காட்டில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். இயந்திரத்தை அணைத்துவிட்டு எல்லாரும் அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். இருட்டினதும் தாய் திரும்பி வரும். இவர்களும் அப்படியேதான் போனார்கள். இந்தத் தாய் வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் மூன்று குட்டிகளில் இரண்டு விறைத்துக் கிடந்தன.

"இது மட்டும் கத்திக்கிட்டிருந்துச்சு" என்றான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. இன்னும் கழுவிக்கொண்டிருந்தான்.

ஓடில் எட்டிப் போய்க் கறிப்பானையை மூடினாள்.

"எதுக்கு மூடற? மாமா வாசனை மருமகனுக்குத் தெரிஞ்சிடும்னா?"

"உன் வாயையும் சேர்த்து மூடணும். அந்தத் துண்டை எடு."

குட்டி ஒரு ரொட்டி அளவுதான் இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு. நெஞ்சில் மட்டும் மாவுக் கையால் தொட்டதுபோல ஒரு வெள்ளைக் கோணல். அதைத் துண்டில் சுற்றி மடியில் போட்டதும் அவள் சட்டைக் கையை வாயில் கவ்வி உறிஞ்ச ஆரம்பித்தது. பால் வராத சட்டைக் கை என்று அதற்கு யார் சொல்வது?

அரசாங்கத்தில் கரடி வேலைக்கு என்று இருந்த ஜோலின் ஹாஃபர்ட்டுக்குப் போன் போட்டார்கள். மேலாற்றுப் பக்கத்துப் பெண், சின்ன வயது, பேச்சில் வழவழப்பே கிடையாது.

"ஆட்டுப்பால் குடுங்க. வெதுவெதுப்பா. அதுகிட்டப் பேசாதீங்க, கொஞ்சாதீங்க, பேர் வைக்காதீங்க. மனுஷக் குரல் பழகிட்டா அதுக்குத்தான் கேடு. குட்டி போட்டுப் பால் குடுத்துக்கிட்டிருக்கற தாய் ஒண்ணு பொந்துல படுத்திருக்கும், தேடிப் பிடிக்கறேன். அது தூக்கம் கலைஞ்சு வெளிய வர்றதுக்குள்ள உள்ள வெச்சிடணும். வெளிய வந்துட்டா வேற குட்டியச் சேத்துக்காது, கடிச்சுப் போட்டுடும்."

"வெச்சா மட்டும் சேத்துக்குமா?"

"பெரும்பாலும் சேத்துக்கும்க்கா. பாப்போம்."

ஓடில் வாயை மூடிக்கொண்டு ஒரு வேலை செய்தாள் என்றால் அது இதுதான். பால் கொடுக்கும்போது பேச மாட்டாள். துடைக்கும்போது பேச மாட்டாள். குட்டி பக்கத்து அறையில் தூங்கும்போதும் கிசுகிசுப்புதான். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாகத் தான் சாப்பிட்டதில்லை என்று நார்பர்ட் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். குட்டி மட்டும் சும்மா இருக்கவில்லை. பால் குடிக்கும்போது அதன் நெஞ்சுக்குள் ஒரு தையல் இயந்திரம் ஓடுவதுபோல உம்ம்ம் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடில் தோளில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பேசாதே என்றார்கள், அழாதே என்று சொல்லவில்லையே.

பனி இளகத் தொடங்கும் முன்பே ஜோலின் வந்துவிட்டாள். பொந்து கிடைத்துவிட்டது. இருக்கிற இடத்தைக் காட்டும் ரேடியோப் பட்டை கழுத்தில் கட்டிய பழைய தாய், இரண்டு குட்டி, பால் நன்றாக இருக்கிறது. இடம் எது என்று கேட்டதும் நார்பர்ட் உதட்டைச் சுழித்தான்.

"ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையா? அது நம்ம வேட்டைப் பரணுக்குப் பின்னாடியில்ல இருக்கு!"

"கரடிக்கு உன் பரண் தெரியுமா என்ன? கோட்டைப் போடு" என்றாள் ஓடில்.

ஜோலினுக்கு ஆள் பற்றாக்குறை. தாய்க்கு மயக்க ஊசி போட்டு எடை பார்த்துப் பட்டை மாற்றி முடிக்கும்வரை குட்டிகள் பனியில் கிடந்தால் குளிரில் செத்துப்போகும். ஆகவே யாராவது அவற்றைக் கோட்டுக்குள் போட்டு வைத்திருக்க வேண்டும். அது அங்கே எப்போதும் உள்ள வழக்கம்தான். நார்பர்ட்டுக்கு அந்தத் தாயின் குட்டிகள் இரண்டும் கிடைத்தன. ஓடிலிடம் அவளுடையது இருந்தது. பேர் வைக்கவில்லை, ஆனால் மனதுக்குள் 'என்னுடையது' என்றுதான் நினைத்தாள்.

"ஏய், சட்டைக்குள்ள பூந்துடுச்சு! நகம்! நகம்!" என்று நார்பர்ட் குதித்தான்.

"அசையாதீங்க மாமா, அதுங்களுக்கு நீங்கதான் இப்ப அடுப்பு" என்றாள் ஜோலின் பொந்துக்குள்ளிருந்து.

கடைசியில் ஜோலின் கோட்டுப் பையிலிருந்து விக்ஸ் டப்பாவை எடுத்தாள். மூன்று குட்டிகளுக்கும் தலையிலும் முதுகிலும் தடவச் சொன்னாள். தாயின் மூக்கிலும் ஒரு விரல் அப்பினாள். எழுந்ததும் தாய்க்கு எல்லாமே விக்ஸாகத்தான் மணக்கும். எது தன்னது, எது வந்தது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தோன்றாது. விக்ஸ் வாசம் போவதற்குள் மூன்றுக்கும் ஒரே பொந்து வாசம் வந்துவிடும்.

ஓடில் சளி பிடித்த பிள்ளைக்குத் தடவுவதுபோல நெஞ்சிலும் சேர்த்துத் தடவினாள். வெள்ளைக் கோணல் பளபளத்தது. பிறகு பனியில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி, குட்டியைத் தாயின் வயிற்றோரம் வைத்தாள். அது முகத்தால் முட்டிமோதித் தேடியது. இடம் கண்டுபிடித்தது. உம்ம்ம் என்ற சத்தம் எழுந்தது. இந்தத் தடவை அந்தச் சத்தம் பாலுக்கானது, சட்டைக் கைக்கானது அல்ல.

பொந்து வாயைக் கிளைகளாலும் பனியாலும் மூடிவிட்டு இறங்கினார்கள். வண்டியில் நார்பர்ட் ஆரம்பித்தான்.

"செப்டம்பர்ல மட்டும் அந்தப் பக்கம் அது..."

"சொல்லாத" என்றாள் ஓடில்.

செப்டம்பர் யார் சொல்லாவிட்டாலும் வரும். அங்கே காட்டுக்குச் சொந்தக்காரக் கம்பெனி ஒரு குடும்பத்துக்கு வேட்டைக்கு ஒரு இடம்தான் ஒதுக்கும். அதில் ஒரு மரத்தில் பரண், எதிரே இன்னொரு மரத்தோடு சங்கிலி போட்ட இரும்புப் பீப்பாய். ஆகஸ்டிலிருந்தே பேக்கரியில் மிஞ்சிய பழைய டோனட்டும் வெல்லப்பாகும் அதில் கொட்டி வைப்பார்கள். கரடிக்குப் பழகிவிடும். பருவம் திறந்ததும் பரணில் ஏறிக் காத்திருக்க வேண்டியதுதான். இடத்தை மாற்றித் தரச் சொல்லி ஓடில் கேட்டுப் பார்த்தாள். வேறு இடம் காலியில்லை என்றார்கள்.

தீனி போடாமலே விட்டுவிடலாமே என்றால், அந்த இடத்தில் அவள் தம்பி ரோசேருக்கும் பங்கு உண்டு. முதல் வாரம் அக்காவுக்கு. அவள் சுடாவிட்டால் சனிக்கிழமையிலிருந்து தம்பிக்கு. அவள் போடாவிட்டால் அவன் போடுவான்.

ரோசேர் நல்ல பிள்ளை. ஆனால் ஒரு காப்பி ஆறுகிற வரைக்கும்கூட அவனால் பொறுத்திருக்க முடியாது. தாய்க்கரடி பீப்பாய்க்கு வரும்போது குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாகத்தான் வரும். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே அவற்றை இறக்கும். அதனால் முதலில் வந்த கரடியைச் சுடாதே, காத்திரு, பின்னால் என்ன வருகிறது என்று பார் என்பது அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த நியாயம். சட்டம் ஒன்றும் கேட்காது, நியாயம்தான் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ரோசேர் காத்திருக்கவில்லை. சுட்டுவிட்டு இறங்கி வந்த பிறகுதான் மேலே குட்டிகள் கத்தியது அவன் காதில் விழுந்தது. அன்றைக்கு அவனும் உட்கார்ந்து அழுதான், அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வருஷம் மறந்துவிட்டான்.

முதல் மூன்று சாயங்காலமும் பீப்பாய்க்கு ஒரு நரியைத் தவிர எதுவும் வரவில்லை. ஓடிலுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. குளிர்காலத்துக்குக் கறி வேண்டும். ஆண் கரடி ஒன்று வந்தால் சுட்டு முடித்துவிட்டு ரோசேரையும் வீட்டில் உட்கார வைத்துவிடலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நார்பர்ட்டைக் காட்டுப் பாதையோரம் வண்டியில் குறட்டை விடும்படி விட்டுவிட்டு அவள் பரண் ஏறினாள். வெயில் மரத்தலைகளுக்குப் போனபோது புதருக்குள்ளிருந்து ஒரு கரடி வந்தது. பெரிசு. குளிர்காலத்துக்குத் தின்று கொழுத்து மயிர் அடர்ந்திருந்தது. தனியாக வந்தது. ஓடில் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்தாள். கழுத்தில் பட்டை ஏதும் தெரியவில்லை. நின்ற வாக்கும் சரியாக இருந்தது. குளிர்காலக் கறி முழுசும் கண்ணெதிரே நின்றது.

விரல் விசைக்குப் போய்விட்டது. ஆனாலும் காத்திருந்தாள், எப்போதும்போல.

கரடி ஒரு டோனட்டை வெளியே தட்டிவிட்டது. தின்னவில்லை. தலையைத் தூக்கி, பரண் இருந்த பக்கமாகவே பார்த்தது. ஓடில் மூச்சை அடக்கிக்கொண்டாள். தன்னைக் கண்டுவிட்டது என்று நினைத்தாள். அப்போதுதான் அவள் காலுக்குக் கீழே மரப்பட்டை பிறாண்டும் சத்தம் கேட்டது.

அவள் உட்கார்ந்திருந்த மரத்திலேயே எதுவோ ஏறிக்கொண்டிருந்தது. குனிந்தால் அசைவு தெரிந்துவிடும் என்று கண்ணை மட்டும் தாழ்த்தினாள். முதலில் இரண்டு காது. அப்புறம் பழுப்பு மூக்கு. அப்புறம் நெஞ்சு. நெஞ்சில் வெள்ளைக் கோணல்.

ஓடில் விசையிலிருந்து விரலை எடுத்தாள். ரொட்டி அளவு இருந்தது இப்போது நாய் அளவு இருந்தது. மயிர் மினுங்கியது. கூப்பிட வேண்டும்போல இருந்தது அவளுக்கு. மார்ச் முழுக்க அடக்கி வைத்த பேச்சு அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குட்டி அவளுடைய பூட்ஸை மோந்தது. ரப்பர் நுனியைக் கடித்து இழுத்துப் பார்த்தது. ருசி பிடிக்கவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, புஃப் என்று ஒரு ஊது ஊதிவிட்டு, வந்த வழியே பின்பக்கமாக இறங்கிப் போனது.

அடையாளம் தெரியவில்லை அதற்கு. ஓடிலுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. தெரியக் கூடாது என்றுதானே அத்தனை நாள் வாயைக் கட்டினாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி முடிப்பதற்குள் அதைவிடப் பெரிய கவலை வந்து உட்கார்ந்தது. அடையாளம் தெரியாதது சரி. ஆனால் மனுஷ வாசம் மூக்கில் அடித்தும் அது பயந்து ஓடவில்லையே! பூட்ஸைக் கடித்துப் பார்த்துவிட்டு, மாவு வாங்க வந்தவன்போல நிதானமாக இறங்கிப் போகிறதே!

கீழே தாய் உறுமியது. இன்னும் இரண்டு குட்டிகள் பக்கத்து மரத்திலிருந்து சறுக்கின. மூன்றும் பீப்பாய்க்கு ஓடின. தாய் கழுத்தைத் திருப்பியபோது மயிருக்குள் பட்டையின் ஓரம் ஒரு கணம் மின்னியது. சந்தேகமே இல்லை. நான்கும் சேர்ந்து டோனட் தின்ற அழகைப் பார்த்தால் நாளைக்கும் வரும், சனிக்கிழமையும் வரும் என்பதிலும் சந்தேகமில்லை.

தம்பியிடம் சொல்லிவிட்டால்? சொல்லலாம். அவன் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்வான். சனிக்கிழமை ஒரு கரடி தனியாக வந்து நிற்கும். இது அது இல்லை, வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். இவளே இப்போதுதான் விசையில் விரல் வைத்தாள்.

கத்தி விரட்டலாம். கத்தலை மறந்துவிட்டு மறுநாள் வந்துவிடும். மறக்கவே முடியாதபடி ஏதாவது செய்ய வேண்டும்.

ஓடில் மறுபடி துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். பீப்பாயின் மேல் வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு கையகலம் இடம். அதற்குக் கீழே, தீனி எடுக்கும் துளையில் ஒரு குட்டியின் தலை வரும், போகும். வலது பக்கம் தாயின் தோள். பின்னால் மண்மேடு இருந்தது, நல்லவேளை. காத்திருந்தாள். குட்டித் தலை பீப்பாய்க்குள்ளிருந்து வெளியே வந்தது. தாய் ஒரு அடி தள்ளி உட்கார்ந்தது. வெள்ளைக் கோணல் மண்ணில் உருண்டுபோன டோனட்டின் பின்னால் போனது.

சுட்டாள்.

காடே அதிர்ந்தது. பீப்பாய் சங்கிலியோடு எகிறி மரத்தில் மோதிக் கோயில் மணிபோல அலறியது. வெல்லப்பாகு தெறித்தது. தாய் ஒரே பாய்ச்சலில் ஓடையைத் தாண்டியது, பின்னாலேயே குட்டிகள் மூன்றும். வெள்ளைக் கோணல்தான் கடைசி. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓடு" என்றாள் ஓடில். இவ்வளவு மாதத்தில் அதனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அதற்குக் கேட்டிருக்காது.

நார்பர்ட் கயிறும் கத்தியும் விளக்குமாக மூச்சு வாங்க ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க விழுந்துச்சு? எவ்ளோ பெருசு?"

"விழல."

"விழலயா? காயம் பட்டு ஓடிடுச்சா?"

"காயமும் இல்ல. குறி தப்பிடுச்சு."

நார்பர்ட் ஆடு திருடுபோனவன் மாதிரி நின்றான். "யாருக்கு?"

"எனக்குத்தான். வேற யாரு இங்க சுட்டாங்க?"

அவன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பீப்பாயிடம் போனான். மூடிக்கும் வளையத்துக்கும் சரியாக நடுவில் ஓட்டை, அளந்து வைத்ததுபோல. விரலை விட்டுப் பார்த்தான். பிறகு மண்ணில் விளக்கைக் காட்டினான். பெரிய தடம் ஒன்று, சின்னத் தடங்கள் பல. திரும்பி வந்து அவள் பூட்ஸைப் பார்த்தான். ரப்பர் நுனியில் பல் பதிந்திருந்தது. அதையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"நல்லா இருக்கா?" என்றான்.

"கொழுகொழுன்னு இருக்கு."

"ரோசேர் கேப்பான்."

"கேக்கட்டும்."

"ஊரே கேக்கும், ஓடில். உன்னால தாங்க முடியாது."

"கேக்கட்டும்னு சொல்றேன்ல!"

மறுநாள் நார்பர்ட் பீப்பாயைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்தான். பழசு துருப்பிடித்துவிட்டது என்று மச்சானிடம் சொன்னான். ரோசேர் சனிக்கிழமையிலிருந்து பருவம் முடியும்வரை பரணில் உட்கார்ந்தான். கொசுவுக்குத்தான் கொண்டாட்டம். ஒரு கரடியும் எட்டிப் பார்க்கவில்லை.

அக்டோபரில் மாதா கோயில் கூடத்தில் பீன்ஸ் விருந்து. ஊர் முழுக்க இருந்தது. ரோசேர் அதற்காகவே காத்திருந்தான்.

"எல்லாரும் கேளுங்க. எங்கக்கா கரடியைக் குறி வெச்சா. செத்தது என்ன தெரியுமா? என்னோட இந்த வருஷ வேட்டை! அக்கா, அடுத்த வருஷம் துப்பாக்கி வேண்டாம், சாப்பாட்டுக் கரண்டிய எறி. அதாவது படும்."

கூடமே சிரித்தது. பின் மேசையிலிருந்து யாரோ மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கைமாற்றி அவளுக்கு அனுப்பினார்கள். ஓடிலுக்குக் காது சூடேறியது. கோபம் வந்தது, பொய்யாக இல்லை, நிஜமாகவே. தன் வாழ்நாளில் சுட்ட குண்டுகளிலேயே சரியான குண்டு அதுதான் என்று மேசைமேல் ஏறிக் கத்த வேண்டும்போல இருந்தது. பீன்ஸை மென்று விழுங்கினாள்.

"நார்பர்ட் மச்சான், நீங்க சொல்லுங்க. நெசமாவே தப்பிடுச்சா?"

"நானே போய்ப் பாத்தேன்" என்றான் நார்பர்ட். "கரடி மேல ஒரு மயிருகூடக் கருகல. மகா கேவலம்."

மறுபடி சிரிப்பு. ரோசேர் விடுவதாக இல்லை.

"அதையாவது சொல்லுக்கா. நீ விட்ட கரடி எவ்ளோ பெருசு?"

ஓடில் கரண்டியைக் கீழே வைத்தாள். வேட்டைக்காரர்கள் காட்டுவதுபோல இரண்டு கையையும் அகல விரித்தாள். விரித்த கைகள் தாமாகவே நெருங்கி வந்தன. இன்னும் நெருங்கி, ஒரு ரொட்டி அளவில் வந்து நின்றன.

"இவ்ளோதான்" என்றாள்.

ரோசேர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அப்படின்னா தப்பினதுல தப்பே இல்லக்கா!"

கூடம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நார்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை. தன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான்.